தன் வேகத்தைக் கண்டு தானே பயந்த வீரர்

“பெரிய ரெயில்” என்று பெயர் பெற்ற வால்டர் ஜான்சனின் வரலாறு

அது ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை. அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் இருந்தது. ரெமிங்டன் கம்பெனிக்குச் சொந்தமானது. துப்பாக்கிக் குண்டு எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்று அளக்கும் கருவி அங்கே இருந்தது.

1912-ம் ஆண்டு ஒரு நாள், அந்தக் கருவியின் முன்னால் ஓர் இளைஞர் வந்து நின்றார். அவர் கையில் துப்பாக்கி இல்லை. ஒரு பந்துதான் இருந்தது!

குண்டின் வேகத்தை அளக்கும் கருவியைக் கொண்டு, ஒரு மனிதனின் கை வேகத்தை அளக்கப் போனார்கள். அந்த மனிதர்தான் வால்டர் ஜான்சன். அமெரிக்காவின் தேசிய விளையாட்டான பேஸ்பால் ஆட்டத்தில், அந்தக் காலத்தில் அவரைப் போல வேகமாகப் பந்து வீசியவர் யாரும் இல்லை.

எதிரணி வீரர்கள் அவர் வேகத்தைக் கண்டு நடுங்கினார்கள். இதில் வியப்பு இல்லை. ஆனால், அந்த வேகத்தைக் கண்டு நடுங்கியவர் இன்னொருவரும் உண்டு. அவர் வேறு யாரும் அல்ல. வால்டர் ஜான்சனேதான்!

குடியானவர் மகன்

வால்டர் ஜான்சன் 1887-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி பிறந்தார். கான்சாஸ் மாநிலத்தில் ஹம்போல்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே ஒரு பண்ணையில் அவருடைய பெற்றோர் விவசாயம் செய்து வந்தார்கள். தகப்பனார் பெயர் பிராங்க். தாயார் பெயர் மின்னி.

மழை பொய்த்தால் பயிர் இல்லை. பயிர் இல்லாவிட்டால் பணம் இல்லை. குடியானவர் வாழ்க்கை எங்கும் ஒன்றுதானே! பண்ணைத் தொழிலில் பிழைக்க முடியாமல், அந்தக் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒலிண்டா என்ற இடத்தில் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. தகப்பனாருக்கு அங்கே வேலை கிடைத்தது.

அந்த எண்ணெய் வயல்களின் நடுவில்தான் சிறுவன் வால்டர் பேஸ்பால் ஆடக் கற்றுக்கொண்டான்.

என்ன ஆட்டம் இது?

பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கம் இல்லாத ஆட்டம். ஆனால், கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இதிலும் ஒருவர் பந்து வீசுவார். ஒருவர் மட்டையால் அடிப்பார். ஆனால், பந்து தரையில் குத்தி எழும்பாது. வீசுகிறவர் கையிலிருந்து நேராக அடிக்கிறவரை நோக்கிப் பாயும். இருவருக்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமான 66 அடியை விட இது குறைவு. அடிக்கத் தோதான உயரத்தில் வரும் பந்தை மூன்று முறை தவறவிட்டால், அடிக்கிறவர் அவுட்.

வேகமான வீச்சாளரின் பந்து, அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். கண் இமைப்பதற்குள் பந்தைப் பார்க்க வேண்டும். அடிப்பதா, விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். மட்டையையும் வீச வேண்டும்!

பந்தின் எடை சுமார் 145 கிராம். கல்போல் கெட்டியானது. இந்தக் காலத்தில் அடிக்கிறவர்கள் தலைக்கவசம் அணிகிறார்கள். வால்டர் ஜான்சன் ஆடிய காலத்தில் வெறும் துணித் தொப்பிதான்.

27 பேர் அவுட்

புல்லர்டன் என்ற ஊரின் உயர்நிலைப்பள்ளியில் வால்டர் படித்தார். 1905-ம் ஆண்டில் சான்டா அனா பள்ளியுடன் ஒரு பந்தயம் நடந்தது. வழக்கமாக 9 இன்னிங்சில் முடிய வேண்டிய ஆட்டம், 15 இன்னிங்ஸ் வரை நீண்டது. அப்படியும் வெற்றி தோல்வி இல்லை. அந்த ஒரே ஆட்டத்தில், பந்தைத் தொடவிடாமல் 27 பேரை அவர் அவுட் ஆக்கினார்!

பிறகு வேலை தேடி, ஐடஹோ மாநிலத்தில் வெய்சர் என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்கே டெலிபோன் கம்பெனியில் வேலை. ஓய்வு நேரத்தில் ஊர் அணிக்காகப் பந்து வீசினார்.

அந்தப் பக்கமாக ஊர் ஊராகப் போய் வந்த வியாபாரி ஒருவர், இந்த இளைஞரின் பந்து வீச்சைப் பார்த்தார். பார்த்ததும் பிரமித்துப் போனார். உடனே வாஷிங்டன் நகர அணியின் நிர்வாகிக்கு எழுதினார். மறுபடியும் மறுபடியும் எழுதினார்.

வாஷிங்டன் அணி அப்போது கடைசி இடத்தில் கிடந்தது. எனவே, யாரையாவது அனுப்பிப் பார்க்கலாமே என்று நிர்வாகி நினைத்தார். காயம்பட்டு ஆட முடியாமல் இருந்த கிளிப் பிளாங்கன்ஷிப் என்ற வீரரை வெய்சருக்கு அனுப்பினார்.

வந்தவர் ஒப்பந்தத்தை நீட்டினார். 19 வயது வால்டர் உடனே கையெழுத்துப் போடவில்லை. தலைநகரில் தன்னால் சோபிக்க முடியாமல் போனால், வீடு திரும்ப ரெயில் செலவைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்! பெரிய ரெயில் என்று பின்னாளில் பெயர் பெறப் போகிறவர், முதலில் கேட்டது திரும்பிப் போக ரெயில் செலவு.

அந்தப் பணம் கடைசி வரை தேவைப்படவில்லை. 21 ஆண்டுகள் அவர் அதே அணிக்காக ஆடினார்.

முதல் ஆட்டம்

1907-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி, டெட்ராய்ட் அணியை எதிர்த்து வால்டர் முதன்முதலாகக் களம் இறங்கினார். டெட்ராய்ட் அணியில் டை காப் என்ற இளம் புலி இருந்தார். பேஸ்பால் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் அவர் ஒருவர்.

பண்ணையிலிருந்து வந்தவர் போன்ற தோற்றம். நீண்ட கைகள். கூச்ச சுபாவம். வால்டரைப் பார்த்த டெட்ராய்ட் வீரர்கள் முதலில் கேலி செய்தார்கள். அவர் கை சுழன்றதும் கேலி நின்றுவிட்டது!

இந்தப் பந்தை மட்டையை வீசி அடிப்பது கடினம் என்று காப் கண்டுகொண்டார். எனவே மட்டையை மெதுவாக நீட்டி, பந்தை அருகிலேயே உருட்டிவிட்டு ஓடினார். அந்த ஆட்டத்தில் வாஷிங்டன் 2-3 என்ற கணக்கில் தோற்றது. தோற்ற அணியின் வீச்சாளரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

4 நாட்களில் 3 அதிசயம்

மறு ஆண்டு, 1908 செப்டம்பரில், வாஷிங்டன் அணி நியூயார்க் சென்றது. 4-ந் தேதி வால்டர் பந்து வீசினார். நியூயார்க் அணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கிடைக்கவில்லை. 5-ந் தேதியும் அவரே வீசினார். அன்றும் ஓட்டம் இல்லை. 6-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் ஞாயிறு அன்று ஆட்டம் கிடையாது. 7-ந் தேதி திங்கட்கிழமை மீண்டும் வால்டர். மீண்டும் பூஜ்யம்!

ஒரு நாள் வீசினால் பல நாள் ஓய்வு எடுப்பது இன்றைய வீச்சாளர்களின் வழக்கம். நான்கே நாட்களில் மூன்று முழு ஆட்டம் வீசி, மூன்றிலும் எதிரிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காத அந்தச் சாதனையை இன்று கனவிலும் நினைக்க முடியாது.

அந்தக் காலத்தில் வேகத்துக்கு ரெயிலைத்தான் உவமை சொல்வார்கள். இருட்டைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து வரும் என்ஜினைப் போல அவருடைய பந்து வந்தது. எனவே, பத்திரிகைக்காரர்கள் அவருக்குப் பெரிய ரெயில் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1910-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி டாப்ட் ஆட்டம் பார்க்க வந்தார். பருவத்தின் முதல் பந்தை ஜனாதிபதி எறிந்து தொடங்கிவைக்கும் வழக்கம் அன்றுதான் பிறந்தது. ஜனாதிபதி எறிந்த பந்தைப் பிடித்தவர் வால்டர் ஜான்சன். அந்தப் பந்தில் ஜனாதிபதியின் கையெழுத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தோற்றும் சிரித்தவர்

1913-ம் ஆண்டில் அவர் 36 ஆட்டங்களில் வென்றார். 7-ல் மட்டுமே தோற்றார். அந்த ஆண்டு தொடர்ச்சியாக 55 இன்னிங்சுக்கு மேல், எதிரணிகளுக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. அந்தச் சாதனை 1968 வரை நிலைத்து நின்றது.

ஆனால், அவர் ஆடிய அணி பல ஆண்டுகள் பலவீனமான அணி. அவர் எவ்வளவு நன்றாக வீசினாலும், மற்றவர்கள் ஓட்டம் எடுக்க வேண்டுமே! எதிரணிக்கு ஒரே ஓர் ஓட்டம் கொடுத்து, தன் அணி ஓட்டமே எடுக்காததால் அவர் தோற்ற ஆட்டங்கள் மட்டும் 25-க்கு மேல்.

அதற்காக அவர் யாரையும் குறை சொன்னது இல்லை. பந்தைத் தவறவிட்ட தோழரைக் கடிந்துகொண்டது இல்லை. நடுவரோடு சண்டை போட்டது இல்லை. குடிப்பழக்கமும் இல்லை. எதிரணி ரசிகர்களும் அவரை நேசித்தார்கள்.

குண்டும் பந்தும்

இப்போது துப்பாக்கித் தொழிற்சாலைக்குத் திரும்புவோம்.

அந்தக் கருவி வேலை செய்யும் விதம் இதுதான். முன்னால் மெல்லிய கம்பிகள் கட்டிய ஒரு சட்டம் இருக்கும். பின்னால் ஓர் இரும்புத் தகடு. குண்டு கம்பியைத் தாண்டிப் போய்த் தகட்டில் மோதும். இரண்டுக்கும் இடையே ஆன நேரத்தை மின்சாரத்தின் உதவியால் கணக்கிட்டு, வேகத்தைச் சொல்லிவிடுவார்கள்.

வால்டருடன் புரூக்ளின் அணி வீச்சாளர் நாப் ரக்கர் என்பவரும் வந்திருந்தார். ரக்கரின் பந்து வினாடிக்கு 113 அடி சென்றது. வால்டரின் பந்து வினாடிக்கு 122 அடி சென்றது. அதாவது, மணிக்கு சுமார் 134 கிலோமீட்டர்.

இந்த எண்ணைக் கேட்டால் இன்றைய இளைஞர்கள் சிரிப்பார்கள். இன்று பள்ளிக்கூடப் பையன்களே இந்த வேகத்தில் வீசுகிறார்கள். அப்படியானால், பெரிய ரெயில் உண்மையில் கட்டை வண்டிதானா?

அவசரப்பட வேண்டாம். இதற்கு விடை கடைசியில் வருகிறது. அதற்கு முன், அந்த வேகம் அவர் மனதில் உண்டாக்கிய பயத்தைப் பார்ப்போம்.

மனதில் ஒரு பயம்

என் பந்து யார் தலையிலாவது பட்டுவிட்டால்? அவர் செத்துப்போய்விட்டால்?

இந்த எண்ணம் வால்டர் ஜான்சனை ஆயுள் முழுவதும் வாட்டியது.

வீச்சாளர்களில் பலர், அடிக்கிறவரைப் பயமுறுத்துவதற்காகவே உடலை நோக்கிப் பந்து எறிவார்கள். பயந்துபோன ஆட்டக்காரர் பின்வாங்குவார். பிறகு அவரை அவுட் ஆக்குவது சுலபம். இது அந்த ஆட்டத்தில் பழைய தந்திரம்.

வால்டர் அந்தத் தந்திரத்தைத் தொடவே இல்லை. அவருடைய வேகத்துக்கு அந்தத் தந்திரமும் சேர்ந்திருந்தால், யாரும் அவர் முன் நின்றிருக்க முடியாது. ஆனால், அவர் வேண்டுமென்றே யாரையும் குறிவைக்கவில்லை. அப்படியும் 21 ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்டோர் மீது அவர் பந்து தவறிப் பட்டது.

இந்த இரக்க குணத்தை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அவர்தான் டை காப்!

வால்டர் வீசும்போது, காப் வேண்டுமென்றே பந்து வரும் பாதையை ஒட்டி நெருங்கி நிற்பார். அவர்மேல் பட்டுவிடுமோ என்று பயந்து, வால்டர் பந்தைச் சற்று விலக்கி வீசுவார். அது கணக்கில் சேராத பந்தாகிவிடும். பிறகு குறி தவறக்கூடாது என்று வால்டர் வேகத்தைக் குறைப்பார். அந்தப் பந்தைக் காப் அடித்துவிடுவார்! இதைக் காப் பின்னாளில் தாமாகவே ஒப்புக்கொண்டார்.

வால்டருக்கும் இது தெரியும். ஆனாலும் அவர் காப்பின் தலையைக் குறிவைக்கவில்லை. ஓட்டம் போனால் போகட்டும், உயிர் போகக்கூடாது என்பது அவர் கொள்கை.

அது நடந்தே விட்டது

1920-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி. நியூயார்க்கில் ஓர் ஆட்டம். கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் மட்டையுடன் நின்றார். நியூயார்க் வீரர் கார்ல் மேஸ் பந்து வீசினார்.

அந்தக் காலத்தில் ஒரே பந்தை நெடுநேரம் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். மண்ணும் எச்சிலும் பட்டுப் பந்து கறுத்துப்போய்விடும். மாலை வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

மேஸ் வீசிய பந்து சாப்மனின் தலையில் மோதியது. அவர் அசையவே இல்லை. பந்து வருவதையே அவர் பார்க்கவில்லை என்று பலரும் கருதினார்கள். மறுநாள் அதிகாலையில் ஆஸ்பத்திரியில் சாப்மன் உயிர் துறந்தார்.

அமெரிக்கப் பெரிய அணிகளின் ஆட்டத்தில், பந்து பட்டு இறந்த ஒரே வீரர் அவர்தான். அதன் பிறகு, அழுக்கான பந்தை உடனே மாற்றிப் புதுப் பந்து கொடுக்கும் வழக்கம் வந்தது.

பந்து வீசியவர் வால்டர் அல்ல. ஆனால், 13 ஆண்டுகளாக அவர் எதை நினைத்து அஞ்சினாரோ, அது கண்ணெதிரே நடந்துவிட்டது. அவருடைய பயம் வீண் பயம் அல்ல என்பதை உலகம் அன்று தெரிந்துகொண்டது.

அடுக்கடுக்காகத் துன்பம்

வால்டர் 1914-ம் ஆண்டில் ஹேசல் ராபர்ட்ஸ் என்ற பெண்ணை மணந்துகொண்டார். அவர் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் மகள். அன்பான குடும்பம்.

1920-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, பாஸ்டன் அணியை எதிர்த்து வீசினார். எதிரணியினர் ஒருவரால்கூடப் பந்தை அடித்து ஓட்டத்துக்கான இடத்தைப் பிடிக்க முடியவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படிப்பட்ட ஆட்டம் அது ஒன்றுதான். ஆனால், அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. உடனே கைவலி வந்தது. வேகம் குறைந்தது.

1921-ம் ஆண்டில் தகப்பனார் காலமானார். அதே ஆண்டில், இரண்டு வயதுச் செல்ல மகள் எலினாரும் இறந்துபோனாள். வால்டர் இடிந்துபோனார். பெரிய ரெயிலின் பயணம் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள்.

36 வயதில் வெற்றி

1924-ம் ஆண்டு வந்தது. வால்டருக்கு 36 வயது. 17 ஆண்டுகள் ஆடியும், உலகக் கோப்பைக்குச் சமமான வேர்ல்டு சீரிஸ் பந்தயத்தில் அவர் ஒருமுறைகூடக் கலந்துகொண்டது இல்லை. அந்த ஆண்டு வாஷிங்டன் அணி அந்தப் பந்தயத்துக்குத் தகுதி பெற்றது. அதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் வால்டர். 23 ஆட்டங்களில் வென்றிருந்தார்.

எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ். ஏழு ஆட்டங்களில் நான்கில் வெல்பவருக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் வால்டர் வீசினார். தோல்வி! ஐந்தாவது ஆட்டத்தில் வீசினார். அதிலும் தோல்வி! நாடே அவருக்காக வருந்தியது.

இரு அணிகளும் தலா மூன்று ஆட்டங்கள் வென்றிருந்தன. அக்டோபர் 10-ந் தேதி, ஏழாவது ஆட்டம். ஜனாதிபதி கூலிட்ஜும் பார்க்க வந்திருந்தார். 8 இன்னிங்ஸ் முடிவில் இருவரும் 3-3 சமம். அப்போது 27 வயது அணித் தலைவர் பக்கி ஹாரிஸ், பந்தை வால்டர் கையில் கொடுத்தார். அரங்கம் அதிர்ந்தது.

9-வது இன்னிங்ஸ் வந்தது. நியூயார்க் வீரர் ஒருவர் மூன்றாவது தளம் வரை ஓடி வந்துவிட்டார். இன்னும் ஒரு தளம் தாண்டினால் ஓட்டம். வால்டர் கலங்கவில்லை. அடுத்தவர்களை அவுட் ஆக்கித் தப்பித்தார். 10, 11, 12 என்று இன்னிங்ஸ் நீண்டது. நான்கு இன்னிங்சிலும் அவர் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை.

12-வது இன்னிங்சில் வாஷிங்டன் அடித்தது. மட்டி ருயெல் என்ற வீரர் உயரே தூக்கி அடித்த பந்தைப் பிடிக்க எதிரணி வீரர் ஓடினார். தானே கழற்றிப் போட்ட முகமூடியில் அவர் கால் மாட்டிக்கொண்டது! பந்து கீழே விழுந்தது. பிழைத்த ருயெல், அடுத்து நன்றாக அடித்து இரண்டாவது தளத்துக்குப் போனார். சற்று நேரத்தில் மெக்நீலி என்பவர் தரையோடு அடித்த பந்து திடீரென எகிறி, தடுக்க வந்தவரின் தலைக்கு மேலே பறந்தது. ருயெல் ஓடி வந்து ஓட்டம் எடுத்தார்.

வாஷிங்டன் வென்றது! வால்டர் கண்ணீர் விட்டார்.

கடைசி நாட்கள்

1927-ம் ஆண்டு பயிற்சியின்போது, பந்து பட்டு வால்டரின் கால் எலும்பு முறிந்தது. யாருக்கு நேரக்கூடாது என்று பயந்தாரோ, அந்தப் பந்தின் அடி அவருக்கே விழுந்தது. குணமாகி மீண்டும் வந்தார். ஆனால், பழைய பலம் இல்லை. அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார்.

அவர் கடைசியாகக் களம் இறங்கிய நாளும் வரலாற்று நாள்தான். 1927 செப்டம்பர் 30-ந் தேதி, பேப் ரூத் ஒரே பருவத்தில் 60-வது முறையாகப் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து உலகப் புகழ் பெற்றார். அதே ஆட்டத்தில் வால்டர் மட்டையுடன் இறங்கினார். அவர் தூக்கி அடித்த பந்தைப் பிடித்தவர் பேப் ரூத்!

மொத்தம் 417 வெற்றிகள். எதிரணிக்கு ஓட்டமே கொடுக்காத ஆட்டங்கள் 110. இந்த 110 என்ற சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. பந்தைத் தவறவிடச் செய்து 3,500-க்கும் மேற்பட்டவர்களை அவுட் ஆக்கினார். இந்தச் சாதனையை முறியடிக்க 1983 வரை யாராலும் முடியவில்லை.

1930-ல் மனைவி ஹேசல் காலமானார். ஐந்து குழந்தைகள். வால்டர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தார். பிறகு மேரிலாந்து மாநிலத்தில் பண்ணை வாங்கி மாடு வளர்த்தார். குடியானவர் மகன் மீண்டும் குடியானவர் ஆனார். 1940-ல் பாராளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார்.

1936-ல், பேஸ்பால் ஆட்டத்தின் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாக ஐந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஐவரில் வால்டரும் ஒருவர். டை காப்பும் ஒருவர்!

படுக்கையில் பெரிய ரெயில்

1946-ம் ஆண்டு வால்டர் நோய்ப்படுக்கையில் விழுந்தார். மூளையில் கட்டி.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், அவர் பல ஆண்டுகள் பந்து வீசிய அதே வாஷிங்டன் மைதானத்தில் ஒரு சோதனை நடந்தது. பாப் பெல்லர் என்ற புதிய வேகப்புயலின் பந்தை ராணுவக் கருவி கொண்டு அளந்தார்கள். மணிக்கு சுமார் 159 கிலோமீட்டர்! வால்டரின் 134 எங்கே, இது எங்கே!

டிசம்பர் 10-ந் தேதி வால்டர் ஜான்சன் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு 59 வயது.

உண்மையில் எவ்வளவு வேகம்?

இனி, நாம் முன்னே விட்டுவைத்த கேள்விக்கு வருவோம்.

கையை விட்டுப் புறப்படும்போதுதான் பந்துக்கு அதிக வேகம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகப் போக வேகம் குறையும். அடிக்கிறவரிடம் வருவதற்குள் பத்தில் ஒரு பங்கு வேகம் போய்விடும். எனவே, எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

வால்டரின் பந்தை, அடிக்கிறவர் நிற்கும் இடத்தையும் தாண்டி ஏழரை அடி தள்ளி அளந்தார்கள். பெல்லரின் பந்தை அடிக்கிறவர் நிற்கும் இடத்தில் அளந்தார்கள். 1974-ல் நோலன் ரயனின் பந்தை, அடிக்கிறவருக்குச் சுமார் 10 அடி முன்னால் அளந்தார்கள். 162 கிலோமீட்டர் வந்தது. இன்றைய கருவிகளோ, பந்து கையை விட்டதுமே அளந்துவிடுகின்றன.

ஒருவர் ரெயில் புறப்பட்ட வேகத்தை அளக்கிறார். இன்னொருவர் பிரேக் போட்ட பிறகு அளக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டால் நியாயமா?

2016-ல் திரையிடப்பட்ட “பாஸ்ட்பால்” என்ற ஆவணப்படத்துக்காக, விஞ்ஞானிகள் இந்த வேறுபாட்டைச் சரிசெய்து கணக்குப் போட்டார்கள். எல்லாப் பந்துகளையும் கையை விட்ட இடத்தில் அளந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தார்கள். வால்டரின் 134, சுமார் 151 கிலோமீட்டர் ஆனது. பெல்லரின் 159, சுமார் 173 ஆனது. ரயனின் 162, சுமார் 175 ஆனது. 2010-ல் அரோல்டிஸ் சாப்மன் என்ற கியூபா வீரர் வீசிய பந்துக்கு, கருவி காட்டிய வேகம் சுமார் 169. கருவி காட்டிய வேகங்களில் அதுதான் உலக சாதனை. (ஒப்புக்காக, கிரிக்கெட்டில் 2003-ல் சோயிப் அக்தர் வீசியது 161.)

151 கிலோமீட்டர் என்பது, இன்று அமெரிக்காவின் பெரிய அணிகளில் வேகப்பந்தின் சராசரி! அதாவது, 1912-ல் உலகின் அதிவேக மனிதர் வீசிய வேகத்தில், இன்று சாதாரண வீச்சாளர் வீசுகிறார்.

அதிலும், அன்று வால்டர் விளையாட்டு உடையில் வரவில்லை. சட்டையும் டையும் அணிந்து வந்தவர், சமதரையில் நின்று, சிறிய சட்டத்துக்குள் பந்து போக வேண்டுமே என்று குறிபார்த்து வீசினார். மைதானத்தில், மேட்டில் நின்று வீசியபோது இன்னும் வேகமாக வீசியிருக்கலாம்.

வேகத்தின் விலை

இன்றைய வீச்சாளர்கள் ஏன் இவ்வளவு வேகம்? உயரமான உடல். எடை தூக்கும் பயிற்சி. படம் பிடித்துத் திருத்தும் வசதி. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் கொஞ்ச நேரமே வீசுகிறார்கள். முழு பலத்தையும் கொட்டிவிட்டு வெளியேறுகிறார்கள். அடுத்தவர் வருகிறார்.

வால்டர் அப்படி அல்ல. 531 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் கடைசி வரை தானே வீசி முடித்தார். எனவே, ஒவ்வொரு பந்துக்கும் முழு வேகத்தையும் செலவிடாமல், தேவையானபோது மட்டும் வெளியே எடுத்தார்.

இன்று வேகத்துக்கு வீச்சாளர்கள் கொடுக்கும் விலை அதிகம். முழங்கையின் உள்பக்கத்துத் தசைநார் அறுந்துவிடுகிறது. 1974-ல் டாமி ஜான் என்ற வீரருக்கு டாக்டர் பிராங்க் ஜோப் முதன்முதலாக அறுவை சிகிச்சை செய்து, வேறு இடத்துத் தசைநாரை எடுத்துப் பொருத்தினார். இன்று பெரிய அணி வீச்சாளர்களில் சுமார் மூவரில் ஒருவர் அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்!

அந்தக் காலத்தில் வேகத்தைக் கண்டு ஒருவர் அஞ்சினார். பிறர் தலைக்காக அஞ்சினார். இந்தக் காலத்தில் வீச்சாளர்கள் தங்கள் முழங்கைக்காக அஞ்சுகிறார்கள்.

கருவிகள் மாறும். எண்கள் ஏறும். 175 என்ற கணக்கையும் நாளை ஒருவர் மிஞ்சுவார். ஆனால், தன்னிடம் இருந்த பலத்தைக் கொண்டு பிறருக்குத் தீங்கு வந்துவிடக்கூடாது என்று 21 ஆண்டுகள் கவலைப்பட்ட மனதை அளக்க எந்தத் தொழிற்சாலையிலும் கருவி இல்லை.

மேரிலாந்து மாநிலம், ராக்வில் நகரக் கல்லறைத் தோட்டத்தில், மனைவி ஹேசலின் அருகே பெரிய ரெயில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. அவர் வாழ்ந்த பகுதியில் ஓர் உயர்நிலைப்பள்ளிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1956-ல் திறந்த அந்தப் பள்ளியில், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இன்றும் அவர் பெயரைச் சொல்லியபடி உள்ளே போகிறார்கள்.